ஏரிக்கரை வளைவில் நான்கு விரற்கடை

வண்டியின் பாரத்தைத் தாங்கும் வில்லான கமான் பட்டைகளின் கணக்கைப் பொறியாளர்களான உங்களுக்குக் கல்லூரியில் கற்பித்திருப்பார்கள். அதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. எத்தனை பட்டை, என்ன கனம், எவ்வளவு வளைவு என்பதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். ஒரு வண்டியை அதன் இயல்பான உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டும்போது புத்தகத்தில் கிடைக்காத ஒன்றும் இருக்கிறது. அதை நான் அறிந்துகொண்ட விதத்தை மட்டும் எழுதுகிறேன். பணியில் இருந்த காலத்தில் என் பெயருக்கு ஒரு மரியாதை இருந்தது. அதைக் காத்துக்கொள்வதில் நான் கண்டிப்பானவன், இப்போதும் அப்படித்தான். ஆனாலும் இந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட்டால், அந்த மரியாதையில் ஒரு பங்கு இன்னொருவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாகிவிடும்.

அறுபதுகளின் பிற்பகுதி. சென்னையில் மோட்டார் வாகனப் பொறியியல் படித்து முதல் வகுப்பில் தேறிய நான், என் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் ஆறு பஸ்கள் வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் பணிமனைக்குப் பொறுப்பாளனாகச் சேர்ந்தேன். முதலாளி பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பத்துக்காரர். "நம்ம ஷெட்டுக்கு டிகிரி வந்துருக்குது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவார். அவர் சொல்லும்போது நான் கேட்காதவன் போல் ஏதாவது ஒரு நட்டைத் திருகிக்கொண்டிருப்பேன்.

எங்கள் வண்டிகளில் ஒன்று திருப்புட்குழிப் பக்கத்துச் சிற்றூர்களைத் தொட்டுக்கொண்டு, ஓர் ஏரிக்கரையின் மேலாகக் காஞ்சிக்கு வரும். கரை முடியும் இடத்தில், நிறைந்த ஏரி வழிந்து ஓடும் கலங்கலைச் சாலை கடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே இடுப்பளவுக்குக் குறையாமல் தண்ணீர் ஓடும். நான் சேர்ந்த ஆண்டில் வண்டி நடுத்தண்ணீரில் நின்றுபோய், ஜனங்களைத் தோளில் தூக்கிக் கரை சேர்க்க வேண்டியதாயிற்று. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"தண்ணி வத்தற வரைக்கும் வண்டிய வூட்ல கட்டிப்போட முடியாது சார். படிச்சவரு நீங்க, ஒரு வழி பண்ணுங்க."

வழி பண்ணினேன். அச்சுக்கும் கமானுக்கும் நடுவே இரும்புக் கட்டைகள் கொடுத்து, கூடுதல் பட்டைகள் சேர்த்து, நான்கு கமான்களையும் உயர்த்தி, வண்டியை நான்கு அங்குலம் மேலே தூக்கினேன். கணக்குப் போட்டு, படம் வரைந்து, உள்ளே மணல் மூட்டைகளை வரிசையாக அடுக்கிச் சோதித்து, ஒவ்வொரு மூலையின் உயரத்தையும் அளந்து குறித்தேன். அடுத்த மழைக்காலத்தில் அந்த பஸ் கலங்கலை ஓடம் போலக் கடந்தது. கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள் என்று கண்டக்டர் வந்து சொன்னார். அன்று எனக்கு ஏற்பட்ட மிதப்பை நான் மறைக்க விரும்பவில்லை. இந்த வட்டாரத்தில் முறைப்படி கணக்கிட்டு உயர்த்தப்பட்ட முதல் பஸ் அது என்று நம்பினேன்.

தை மாதம் தொடங்கியபோது வண்டி இடது பக்கம் தாழ்ந்து நிற்கத் தொடங்கியது.

முதலில் அரை அங்குலம். பிறகு ஒன்று. இடதுபக்கக் கமான்களின் முனைகளைத் தாங்கும் இரும்புப் பின்கள் மட்டும் சீக்கிரம் தேய்ந்தன. வலதுபக்கத்தில் தேய்மானமே இல்லை. எனக்கு விடை உடனே கிடைத்தது. நம் நாட்டில் வண்டி இடது ஓரமாகப் போகிறது. சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிகிறது. ஆகவே இடதுபக்கம் அதிகச் சுமை தாங்குகிறது. சரியான விளக்கம்தான். தேர்வில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

பரிகாரமாக, இடதுபக்கத்தில் மட்டும் இன்னும் ஒரு பட்டை சேர்க்க முடிவு செய்தேன். எங்களுக்குக் கமான் அடித்துத் தருபவர் பெரிய தெருவின் கோடியில் உலை வைத்திருந்த பாய். நான் எழுதிக் கொடுத்த அளவைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு காலுக்கு மட்டும் செருப்பு தெச்சுக் குடுங்கறீங்க சார்."

"அந்தக் கால்தானே தேயுது, பாய்?"

"ஏன் தேயுதுன்னு கால்காரனக் கேட்டீங்களா?"

அவர் கேலி பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். சொன்ன அளவுக்கு அடித்துத் தாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பட்டை வந்தது, பூட்டினேன், பணிமனைத் தரையில் வண்டி நூல் பிடித்தாற்போல் நின்றது.

அவர் சொன்ன கால்காரன் அந்த வண்டியின் ஓட்டுநர். எட்டு ஆண்டுகளாக அதே தடத்தில் ஓட்டுபவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் குடும்பத்தார் இதே ஊரில் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை. அளவாகப் பேசுகிறவர். ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டு என் மேசையருகே வந்து நின்றார்.

"சார், தூக்குனதுல இருந்து வண்டி ஏரிக்கரை வளைவுல ஒரு மாதிரியா இருக்குது."

"ரோடு சாய்வுப்பா. எல்லா வண்டியும் இடது பக்கம் எறங்கத்தான் செய்யும்."

"எல்லா வண்டியும் எறங்கும் சார். இது எறங்கல. சாயுது."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் உள்ளங்கையை மெல்லச் சாய்த்துக் காட்டினார். "ஒரு தபா கூட வந்து பாருங்க சார். தெரியும்" என்றார்.

எனக்குச் சொந்தமாக ஸ்கூட்டர் இருந்தது. நான் உயர்த்திய பஸ்ஸில் அதுவரை நான் ஒரு முறைகூடப் பயணம் செய்ததில்லை. அதை ஒரு குறையாகவும் எண்ணவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். கரை அந்த இடத்தில் வில் போல வெளியே புடைத்து வளைகிறது. காஞ்சியை நோக்கி வரும் வண்டிக்கு வலதுபுறம் ஏரித் தண்ணீர். இடதுபுறம் இரண்டு ஆள் ஆழத்தில் கழனிகள். சாலை வலதுபுறமாகத் திரும்பும். மண்ணில் எங்கள் வண்டியின் டயர்த்தடம் இருந்தது. வளைவு முழுவதும் அந்தத் தடம் சாலையின் வலது விளிம்பை ஒட்டி, தண்ணீர் ஓரமாகவே போயிருந்தது. தவறான பக்கம்!

இடதுபக்கம் ஏன் தேய்கிறது என்பதற்கு இப்போது என்னிடம் சாட்சியமும் கிடைத்துவிட்டது. ஓட்டுநர் வளைவை வெட்டி ஓட்டுகிறார், அதனால் எடை முழுவதும் இடதுபக்கம் வீசப்படுகிறது, பின்கள் தேய்கின்றன. முதலாளிக்கு அறிக்கை எழுதினேன். முதலாளி படித்துப் பார்த்துவிட்டு, "நீங்க எழுதிட்டா சரியாத்தான் இருக்கும். சித்திரை பொறந்ததும் கணக்கு தீத்து அனுப்பிடலாம்" என்றார்.

அதன் பொருளை நீங்கள் உணர வேண்டும். அந்த நாளில் 'வளைவில் கவனக்குறைவாக ஓட்டினார்' என்ற குறிப்போடு ஒருவரை ஒரு நிறுவனம் அனுப்பினால், வேறெந்த பஸ் முதலாளியும் அவருக்கு ஸ்டியரிங்கைத் தரமாட்டார். எட்டு ஆண்டுகளில் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டிய மனிதரின் பிழைப்பு என்னுடைய ஒரு பக்க அறிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கும் அது தெரியும். என்னிடம் வந்து ஒன்றும் கேட்கவில்லை. கண்டக்டரிடம் மட்டும், "அவரு ஒரு தபா வந்துட்டு எழுதியிருக்கலாம்" என்றாராம்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. நேரில் அளந்து, எண்ணோடு நிரூபித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பங்குனி உத்திரத்தன்று காலையில் கூட்டம் மிகுதியாக இருக்கும், அன்றைக்கே போனேன்.

பஸ்ஸின் கூரைக் கம்பியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் கீழே கோடுகள் வரைந்த பலகை ஒன்றைப் பொருத்தினேன். வண்டி எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு கோடுகளைக் குண்டு தாண்டும். நான் ஓட்டுநரின் இருக்கைக்கு இடதுபுறம், இன்ஜின் மூடியை ஒட்டி நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

வண்டி நிரம்பி வழிந்தது. புடவை மூட்டையோடு நெசவாளர்கள், பூக்கூடையோடு பெண்கள், புதுச் சட்டை போட்ட பிள்ளைகள்.

"உள்ள போபா, உள்ள போ! நடுவுல ஒரு குடும்பமே நிக்கலாம், எடம் இருக்குது. ஏம்மா, கூடைய மடியில வெச்சிக்கினா இன்னா?" கண்டக்டர் கத்திக்கொண்டே இருந்தார்.

"இன்னாபா இது, வண்டிக்குள்ள குண்டு தொங்குது? கொத்து வேல நடக்குதா?" என்றார் ஒரு பயணி.

"காலேஜ் சார் வந்துக்கீறாரு. நடுவுல செவுரு வெச்சு பொம்பளைங்களுக்குத் தனியா ரூம் கட்டப் போறாரு."

வண்டியே சிரித்தது. எனக்குக் காது சிவந்தது. வலதுபக்க ஜன்னலோரம் எப்போதும் உட்காரும் சமணக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை நயினார் என்று அழைத்தார்கள். "சார், நீங்க எது அளந்தாலும் நான் ஒக்காந்த எடத்தையும் சேத்து அளங்க. இந்த வண்டியில ஒழுங்கா ஒக்காந்து வர்றவன் நான் ஒருத்தன்தான்" என்றார். அவர் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை.

கரையின் மேல் ஏறினோம். குண்டு இரண்டாம் கோட்டில் நின்று மெல்ல ஆடியது, சாதாரண அளவு. வளைவு நெருங்கியது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, வண்டியை வலது விளிம்புக்குக் கொண்டுபோனார். சக்கரத்தின் கீழ் ஏரியின் அலை தெரிந்தது. 'இதோ' என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அப்போது இடதுபுறம் தென்னந்தோப்பு விலகிக் கோபுரம் தெரிந்தது.

அந்தக் காட்சியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சமவெளியில் வேறெதுவும் இல்லாமல், காலை வெயிலில் ஏகாம்பரநாதர் கோபுரம் மட்டும் தனியே எழுந்து நிற்கும். நயினாரைத் தவிர பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் ஒரே நொடியில் எழுந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள், நின்றவர்கள் திரும்பினார்கள், வலதுபக்கத்தில் இருந்தவர்கள் இடதுபக்கத்துக்குச் சாய்ந்து தோள்களுக்கிடையே தலையை நீட்டினார்கள். கைகள் தலைக்கு மேல் குவிந்தன. ஒருவர் அரோகரா என்றார், பக்கத்தில் இருந்தவர் கோவிந்தா என்றார், குழந்தையை ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே தூக்கிக் காட்டினாள். தாளத்துக்குக் கட்டுப்பட்டதுபோல் அறுபது எழுபது உடல்களின் பாரம் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய விசை அவ்வளவு ஓசையில்லாமல் நகர்ந்ததை நான் கண்டதில்லை.

குண்டு நான்காம் கோட்டைத் தாண்டியது, ஐந்து, ஆறு, பலகையைவிட்டே வெளியே போயிற்று.

அதைக் குறிக்கப் பென்சிலைத் தூக்கியபோதுதான் என் கைகளைக் கவனித்தேன். நோட்டுப் புத்தகமும் பென்சிலும் நடுவே இருக்க, என் இரண்டு கைகளும் குவிந்திருந்தன. நானும் இடதுபக்கம் திரும்பி நின்றிருந்தேன். இந்த ஊரில் பிறந்தவனுக்கு அது மூச்சுவிடுவது போல. நான் என் கணக்கில் அதைச் சேர்க்காததற்குக் காரணம், அது எனக்குத் தெரியாதது என்பதல்ல. அது என்னையறியாமல் நானே தினமும் செய்வது என்பதுதான். மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதித்தேன். மணல் மூட்டை கோபுரத்தைக் கண்டால் எழுந்து நிற்பதில்லை.

அந்தக் கணத்தில் பட்டை உடைந்தது.

துப்பாக்கி வெடித்தாற்போல் காலுக்குக் கீழே ஓர் ஓசை. பின்பக்க இடது கமான். வண்டியின் உடல் இடதுபக்கம் சட்டென்று அமர்ந்தது. ஜன்னலில் கோபுரம் மறைந்து கீழே கழனியின் பச்சை தெரிந்தது. நான் உயர்த்திய நான்கு அங்குலமும் இப்போது எங்களுக்கு எதிராக வேலை செய்தது. பள்ளத்திலிருந்து விலக வேண்டும் என்பது தவிர என் மூளையில் ஒன்றும் இல்லை. கை தானாக நீண்டு, ஸ்டியரிங்கை வலதுபுறம், தண்ணீர்ப் பக்கமாக இழுக்கப் போயிற்று.

"கைய எட்றா!"

முழங்கையால் என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார் ஓட்டுநர். அதுவரை என்னை 'சார்' என்று மட்டுமே அழைத்த மனிதர். பிறகு அவர் செய்ததை நான் இன்றும் கண்முன் காண்கிறேன். பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை இடதுபுறமாக, பள்ளத்தை நோக்கி, மிக மெதுவாக விட்டுக்கொடுத்தார். கதவை மூடுகிறவர் போல அவ்வளவு நிதானமாக.

நீங்கள் பொறியாளர்கள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வலதுபுறம் திரும்பும் வண்டியின் உடல் இடதுபுறம் சாயும். திருப்பத்தை நேராக்கினால் சாய்வு குறையும். நான் இழுத்திருந்தால் இன்னும் கூர்மையாகத் திரும்பி, வண்டி இடதுபக்கம் புரண்டிருக்கும். இதை நான் இரண்டு ஆண்டுகள் படித்திருக்கிறேன், ஒரு முறை பரிசும் வாங்கியிருக்கிறேன். உடம்புக்கு அது தெரியவில்லை. அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது. ஆனால் நேராக்குவதற்கு இடம் வேண்டும். சாலையின் இடது ஓரமாக வந்துகொண்டிருந்தால் முதல் கணத்திலேயே கழனியில் இறங்கியிருப்போம். அந்த இடத்தை அவர் முன்பே சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும், வளைவு வரும் முன்னே, தண்ணீர் ஓரமாக ஒதுங்கி. நான் குற்றம் என்று அறிக்கை எழுதிய அந்த டயர்த்தடம்தான் அன்றைக்கு எங்கள் அனைவருடைய உயிர்.

வண்டி மெல்ல எழுந்தது. சாலையைக் குறுக்காகக் கடந்து, இடது விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

உள்ளே இருந்தவர்களில் பலர் இன்னும் கை கூப்பியபடியே இருந்தார்கள். ஏதோ தடுமாறி நின்றது என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு நெசவாளர் கண்களைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நல்லா நிறுத்துனப்பா டிரைவரு. தெனம் இழுத்துக்கினு ஓடிடுவே. இன்னிக்குத்தான் கண்ணு நெறையப் பாத்தேன்."

ஓட்டுநர் திரும்பி நின்று, குரலை உயர்த்தாமல் பேசினார். "யாரும் இப்ப வாசப்பக்கம் எறங்க வாணாம். எல்லாரும் ஏரிப்பக்கம் வந்து நில்லுங்க. ஒண்ணும் ஆவல. கமான் ஒடிஞ்சிருக்குது. என் கதவு வழியா ஒவ்வொருத்தரா எறங்கலாம்."

"கோபுரம் அந்தாண்ட இருக்குதே!"

"சாமி எங்கியும் போவாதுமா. நீ இந்தாண்ட வா."

பயணிகள் ஏறும் வாசல் பள்ளத்துப் பக்கம். அங்கே பத்துப் பேர் கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் முதலில் நினைத்தார். எனக்கு அது கடைசியாகத்தான் தோன்றியது. ஓட்டுநர் கதவுக்குக் கீழே மண்ணில் நின்று, வீங்கிய மணிக்கட்டோடு, ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கினேன். அன்று அந்த வண்டியில் எனக்குச் செய்யத் தெரிந்த வேலை அது ஒன்றே. கடைசியாக இறங்கிய நயினார், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா சார்? இந்தப் பக்கம் நான் ஒருத்தன் ஒக்காந்துக்கினு இருந்ததாலதான் பொழச்சீங்க" என்றார். ஓட்டுநர் முதல் முறையாகச் சிரித்தார்.

பிற்பகல் முதலாளி பணிமனைக்கு வந்தார். உடைந்த பட்டை என் மேசைமேல் கிடந்தது.

"இப்ப இன்னா எழுதப் போறீங்க சார்?"

நான் ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தேன்.

"ஒங்க பேரும் இருக்குது, என் வண்டி பேரும் இருக்குது. பட்டை மட்டமான இரும்புன்னு எழுதிடுங்க. பாயாண்ட நான் சொல்லிக்கறேன், அவரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு."

நான் அந்த வாக்கியத்தை எழுதினேன். உங்களிடம் மறைப்பதற்கில்லை. 'உலோகத்தின் தரக்குறைவால்' என்று என் கையெழுத்தில், அழகாக, ஒரு முழு வரி. முதலாளி போன பிறகு பாய் வந்தார். யார் சொல்லி வந்தார் என்று தெரியாது. பட்டையை எடுத்து, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

"கறுப்பு எங்கனா இருக்குதா சார்?"

இல்லை. உள்விரிசல் பழையதாக இருந்திருந்தால் துருவோ கறுப்போ ஏறியிருக்கும். முகம் முழுவதும் புதுவெள்ளி போல மின்னியது. நல்ல எஃகு. கூடுதல் பட்டையால் விறைத்துப்போன கமான், வளைய வேண்டிய நேரத்தில் வளைய முடியாமல் ஒடிந்திருந்தது. பாய் பட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

எழுதியதைக் கிழித்தேன். புதிய தாளில், வண்டியை உயர்த்தியதும், இடதுபக்கம் மட்டும் பட்டை சேர்த்ததும், ஓட்டுநர் எச்சரித்ததும், அவர் மீது நான் எழுதிய முந்தைய அறிக்கை தவறானது என்பதும் வரிசையாக எழுதினேன். ஓட்டுநரை அழைத்து, பணிமனை ஆட்கள் இருக்கும்போதே உரக்கப் படித்தேன். குரல் நடுங்காமல் படித்துவிட்டேன் என்பதில் எனக்கு ஒரு சிறு பெருமை உண்டு.

அவர் முழுவதையும் கேட்டார். "எவ்ளோ சாஞ்சுதுன்னு போட்டீங்களா சார்?"

"குண்டு பலகையைத் தாண்டிப் போயிடுச்சு. அளவு தெரியலைங்க." அவரிடம் அதுவரை நான் 'ங்க' சேர்த்துப் பேசியதில்லை.

"நாலு விரக்கடை."

"எப்படிச் சொல்றீங்க?"

"அந்த வளைவுல ஏரியோட அக்கரைத் தண்ணிக் கோடு எதிர்ல தெரியும் சார். முன்கண்ணாடிக்குக் கீழ இருக்கற கம்பி அதோட ஒண்ணாப் போவணும். தூக்கறதுக்கு முன்னாடி அர விரக்கடை கோணும். தூக்குனப்புறம் சாதா நாள்ல ஒண்ணு, வெள்ளிக்கெழம ரெண்டு. பௌர்ணமிக்கு ரெண்டரை. இன்னிக்கு ஒடிஞ்ச ஒடனே நாலு. அப்பறம் எண்ணல சார், வேல இருந்துது."

நீரின் மட்டத்தைவிட நேரான கோடு உலகத்தில் இல்லை. நான் கயிறும் குண்டும் பலகையும் கொண்டுபோய் அளக்கத் தவறியதை, இந்த மனிதர் ஓர் ஏரியையே அளவுகோலாக வைத்துக்கொண்டு தினமும் அளந்திருக்கிறார். மறுநாள் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முன்கம்பி நான்கு விரற்கடை கோணும் வரை சாய்த்தேன். இடதுபக்க அச்சுக்கு மேலே, சட்டத்தில் ஒரு புதிய நசுங்கல் இருந்தது. முந்தைய நாள் அச்சு மோதிய தடம். அச்சு அந்த நசுங்கலில் சரியாகப் போய்ப் பொருந்தியது. நடுவே ஒரு தாளைச் செருக இடமில்லை. அறிக்கையில் அந்த எண்ணை எழுதி, 'ஓட்டுநரின் அளவீடு' என்று குறிப்பிட்டேன். முதலாளி படித்துவிட்டு, "சரி, நீங்களும் இருங்க, அவரும் இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

வண்டியைப் பழைய உயரத்துக்கே இறக்கினோம். மழைக்காலத்தில் கலங்கலுக்கு முன்னாலேயே நிறுத்தி, அக்கரையில் வேறு வண்டி வைத்து ஜனங்களை மாற்றி ஏற்றுவது என்று ஏற்பாடாயிற்று. அந்த நெசவாளர் சொன்னதை ஓட்டுநர் எனக்கு நினைவூட்டினார். வளைவுக்கு முன்னால், கரை நேராக இருக்கும் இடத்திலேயே தோப்புக்கு நடுவே ஓர் இடைவெளியில் கோபுரம் தெரியும். அங்கே ஒரு நிமிடம் வண்டியை நிறுத்திவிட்டால் யாரும் வளைவில் எழ மாட்டார்கள் என்றார். நேரப்பட்டியலில் அந்த ஒரு நிமிடத்தை நானே சேர்த்தேன்.

புதிய நேரப்பட்டியல் தொடங்கிய சித்திரை முதல் நாள் நான் மீண்டும் அந்த வண்டியில் போனேன். நோட்டு இல்லை, குண்டு இல்லை. சொன்ன இடத்தில் அவர் நிறுத்தினார். அத்தனை பேரும் எழுந்தார்கள். வண்டி இடதுபக்கம் சற்று அமர்ந்தது. நின்ற இடத்தில் அது வெறும் சாய்வுதான்; எந்தக் கமானுக்கும் அது ஒரு பொருட்டல்ல. நானும் கை கூப்பினேன், இம்முறை அறிந்தே.

ஓட்டுநர் மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெண் கூடையை மடியில் வைத்து உட்காரும் வரை காத்திருந்தார். பிறகு தலையைக் குனிந்து, என்னைத் தாண்டி, இடதுபக்க ஜன்னல் வழியே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எட்டு வருஷமா இந்தக் கரையில ஓட்றேன் சார்" என்றார். "கோபுரம் இங்கேருந்து எப்பிடி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."